டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் நாட்டு முதியோர் கூறுவர். கருவுற்ற மகளுக்கு வளைகாப்பிட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லுதலும், அவள் வாய்க்கு வேண்டியவற்றைச் சமைத்து ஊட்டுதலும், பிள்ளை பிறந்தபின் மருந்து இடித்துக் கொடுத்துப் பத்தியம் காத்தலும் நெடுங்காலமாக நம்மிடையே வழங்கி வருகின்றன. அச்சம் மிகுந்த அந்நாட்களில் அவள் தனியள் அல்லள் என்பதை அவளுக்கு உணர்த்தவே இம்முறைகள் எழுந்தன போலும். திரிசிரபுரத்துத் தாயுமானவர் கதையை அறியாத தமிழர் சிலரே. பேறுகாலம் நெருங்கிய மகளிடம் வரப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே தங்கிவிட, இறைவனே அத்தாயின் வடிவந் தாங்கி வந்து இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணுக்குத் துணை நின்றான் என்று அத்தலத்துப் புராணம் கூறும். கிறிஸ்தவராகிய நாம் அதனை வரலாறாகக் கொள்வதில்லை. ஆயினும் அக்கதையை வழங்கியோர் கண்ட உண்மையொன்றை மறுத்தற்கில்லை. உதவி வல்லமை உடையதாயிருத்தல் மட்டும் போதாது. பேற்றறையின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லத்தக்க உருவில் அது வருதல் வேண்டும். ஆடவர் நுழையாத அவ்வறைக்குள் ஆண்டவனும் ஒரு தாயாக அன்றி வருதல் இயலாதென அவர்கள் எண்ணினார்கள்.

இவ்வுண்மையை நூல்களால் அன்றி, ஒரே இரவில், மூன்று உயிர்களின் முடிவால் அறிந்துகொண்டவர் ஒருவர் நம் மாகாணத்திலேயே வாழ்ந்தார். அவரே வேலூர் மருத்துவக் கலாசாலையை நிறுவிய டாக்டர் ஐடா ஸோபியா ஸ்கடர் அம்மையார். அவர் பெயரை அறியாதார் அரியர். ஆனால் வானளாவ நிற்கும் கட்டடங்களைக் காண்போர், அவை எதன்பொருட்டு எழுந்தனவோ அதனை மறந்துவிடுதலும் உண்டு. ஆதலின் அவர் வாழ்க்கையின் அப்பகுதியையே இங்கு விரிவாக எழுதத் துணிந்தோம்.

ஸ்கடர் குடும்பத்துக்கும் தமிழ் மக்களுக்கும் உள்ள தொடர்பு ஐடா அம்மையாரோடு தொடங்கியதன்று. அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரத்தில் மருத்துவம் செய்துவந்தவர். அத்தொழிலை விடுத்து 1819-ஆம் ஆண்டில் கடல் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்து, பண்டத்தரிப்பில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அமெரிக்க நாட்டிலிருந்து மருத்துவ ஊழியத்துக்கெனப் பிற நாடு சென்றவர்களுள் முதல்வர் அவரே என்பர். பின்னர் 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவர் மிஷனெரிமாராயினர். அவருட் சிலர் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். எழுவருள் இளையவராகிய டாக்டர் ஜான் ஸ்கடருக்கும் ஸோபியா அம்மையாருக்கும் ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்மகவுதான் ஐடா. இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அவர் பிறந்தார்.

இத்தகைய குடும்பத்தில் தோன்றிய ஒருவர் இளமை முதலே ஊழியத்தில் வேட்கை கொண்டிருந்தார் என்று எழுதுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. குழந்தை ஐடா இந்திய நாட்டைப் பற்றி முதன்முதல் மனத்திற் பதித்துக்கொண்டது பஞ்சத்தின் காட்சியே. தாது வருஷப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் இன்றும் நினைவு கூரும் 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், பசியால் மெலிந்து வந்த சிறுவர்க்கு ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிட்டு வாயில் இடும் வேலை அவருக்கு வாய்த்தது. தம் வயதொத்த பிள்ளைகள் தெருவோரத்தில் மடிந்து கிடப்பதையும் அவர் கண்டார். பிறகு பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். சில ஆண்டுகளில் தந்தை முன்னும் தாய் பின்னுமாக இருவரும் இந்தியாவுக்குத் திரும்பிவிட, அவர் உறவினரிடம் விடப்பட்டார். தாய் பிரிந்து சென்ற நாளில் அவருடைய தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பர். தம் அன்னையைத் தம்மிடமிருந்து பிரித்த நாடு என்ற எண்ணமே இந்தியாவைக் குறித்து அவர் உள்ளத்தில் வளர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை. மூடி என்னும் நற்செய்தியாளர் மாஸச்சூஸட்ஸில் நிறுவிய நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் அவர் பயின்றார். குறும்பும் அழகும் துடிதுடிப்பும் உடைய அந்நங்கை, தம் குலத்தொழிலாகிவிட்ட மிஷனெரி ஊழியத்தை மேற்கொள்வதில்லை என்றும், மணம் புரிந்து அமெரிக்காவிலேயே இனிது வாழ்வதென்றும் முடிவு செய்திருந்தார்.

தாயார் நோயுற்றார் என்ற செய்தி கிடைத்ததனால் 1890-இல் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். தாய் நலம் பெறுங்காறும் தங்கி, பின்னர்த் திரும்பிவிடுவது என்பதே அவர் எண்ணம். அக்காலத்து அவருக்கு நம் கலாசாலை மாணவியர் வயதே இருக்கும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு. ஐடா பங்களாவில் தம் அறையில் தனித்திருந்தார். தாழ்வாரத்தில் காலடி ஓசை கேட்டது. பிராமணர் ஒருவர் நின்றிருந்தார். ஏறக்குறையப் பதினான்கு வயதுடைய தம் மனைவி பிள்ளை பெறமாட்டாமல் வருந்துவதாகவும், மருத்துவச்சியால் ஆவது யாதுமில்லை என்றும், ஐடா உடனே வந்து உதவுதல் வேண்டுமென்றும் அவர் இரந்தார். தமக்கு மருத்துவம் தெரியாதெனவும், தம் தந்தையாரே தேர்ந்த மருத்துவர், அவரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். வந்தவர் அதற்கு இசைந்திலர். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியின் முகத்தைக் காண்பதினும் அவள் இறப்பதே மேல் எனச் சொல்லித் துயரத்தோடு இருளில் மறைந்தார்.

ஐடா தந்தையாரிடம் சென்று நடந்ததைக் கூறிவிட்டுத் தம் அறைக்குத் திரும்பினார். மீண்டும் காலடி ஓசை. முன்வந்தவரே மனம் மாறி வந்தார்போலும் என்று விரைந்து சென்று பார்த்தவர், அங்கே முஸ்லிம் ஒருவரைக் கண்டார். அவர் வீட்டிலும் அதே துன்பம். தந்தையாருடன் தாமும் வந்து, அவர் சொல்வதைத் தாமே செய்வதாக ஐடா மன்றாடியும் பயனில்லாமற் போயிற்று. தம் குடும்பத்தவர் அல்லாத எந்த ஆடவனும் தம் மனைவியை நோக்குதல் ஆகாது என்று அவரும் சென்றார். அவ்விரவிலேயே மூன்றாமவர் ஒருவரும் வந்தார். அவர் உயர்குல இந்து. கேட்டதும் அதுவே, பெற்றதும் அதுவே, திரும்பியதும் அவ்வாறே.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் ஊரிலிருந்து சாப்பறை ஒலி அவர் செவியிற் பட்டது. வேலையாளை அனுப்பி அம்மூன்று இல்லங்களின் செய்தியை அறிந்து வரச் செய்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர் பலர், அம்மூன்று கணவரையும் மூடப் பழக்கத்துக்கு அடிமைகள் என இகழ்ந்து மேலே சென்றுவிடுவர். நாம் அவ்வாறு இகழ ஒருப்படோம். நள்ளிரவில் அயல் நாட்டார் வீட்டு வாயிலில் போய் நிற்பது, அந்நாளில், அதிலும் அந்த முதல்வருக்கு, எளிய செயல் அன்று. மனைவியின்மீது அன்பில்லாதவர் பாயில் கிடந்து உறங்கியிருப்பர். இவர்களோ ஓடிவந்தார்கள், உதவி வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டார்கள். முதல் முறையாகத் தந்தையாகப் போகும் ஆடவன் ஒருவன் பேற்றறைக்கு வெளியே நின்று படும் பாட்டைக் குறித்து நம் இலக்கியங்களும் மிகுதியாகப் பேசவில்லை. உள்ளே செல்லவும் அவனுக்கு உரிமையில்லை; விலகிச் செல்லவும் அவன் மனம் ஒப்பாது. ஒரு கணவன் வழக்கத்தை மீறத் துணிந்திருப்பினும், தாயும் மாமியாரும் சுற்றமும் இசைந்திருப்பரோ என்பதும் எண்ணத்தக்கது. ஆயினும் ஒன்று கூறாமலிருத்தல் நேர்மையன்று. வலியில் துடித்த அப்பெண்களின் விருப்பம் யாதெனக் கேட்கும் வழக்கம் அந்நாளில் எவரிடமும் இருந்ததில்லை. அவர்களுடைய மானத்தைப் பற்றிப் பிறர் முடிவு செய்தனர். அம்முடிவின் விலையை அவர்கள் கொடுத்தனர்.

வருத்தம் தருவது இதுவே. உதவி தொலைவில் இல்லை. தேர்ந்த மருத்துவர் ஒருவர் அதே கூரையின்கீழ் விழித்திருந்தார். பெண் ஒருத்தியும் உடன் இருந்தாள். மருத்துவருக்குப் பெண்மை இல்லை. பெண்ணுக்கு மருத்துவம் இல்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் கூடியிருந்தால் மூன்று குடும்பங்களில் விளக்கு அணையாதிருக்கவும் கூடும்.

பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்தல் வேண்டுமென்ற கருத்து ஐடா அம்மையாரிடம் முதன்முதல் தோன்றியதாகக் கொள்ளுதலும் தவறு. சென்னை மருத்துவக் கலாசாலையில் 1875-ஆம் ஆண்டிலேயே பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885-இல் ஜாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென்றே சென்னையில் வைத்தியசாலை ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் டப்ரின் சீமாட்டியார் பெயரால் இந்தியப் பெண்களின் மருத்துவ உதவிக்கு நிதியொன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் இவையெல்லாம் பட்டணங்களில் இருந்தன. பிரசவ வேதனை இரயில் வரும் நேரம் பார்த்து வருவதன்று. திண்டிவனத்துப் பெண்ணுக்குச் சென்னை எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவுதான் சந்திரமண்டலமும்.

ஊரில் இருந்தவள் மருத்துவச்சி ஒருத்தியே. அவளையும் நாம் எளிதில் பழித்தல் ஆகாது. அழைத்த நேரத்தில், மழையென்றும் இருளென்றும் பாராமல் வந்தவள் அவள்தான். இயல்பான பேற்றில் அவள் கைப்பழக்கமும் அவள் சொல்லும் ஆறுதலும் பெருந்துணை. குழந்தை குறுக்காகக் கிடந்தாலும், வழி குறுகியிருந்தாலும், உதிரப்பெருக்கு நில்லாவிட்டாலும் அவளுக்குச் செய்ய வழி தெரியாது. கைக்குக் கிடைத்த கருவியை எடுத்து முயன்றபோது பலமுறை தீங்கே விளைந்தது. மருத்துவம் செய்வோர் கைகளை மருந்துநீரில் நன்கு கழுவிய அளவானே பிரசவ ஜன்னியால் விளையும் சாவு பெரிதும் குறையும் என வியன்னா நகரத்து ஸெம்மல்வைஸ் 1847-இல் மெய்ப்பித்துக் காட்டியிருந்தார். படித்த மருத்துவர்களே அவர் சொல்லை ஏற்க நெடுங்காலம் தயங்கினர் என்றால், எழுத்தறியாத மருத்துவச்சியைக் குறை கூறுவதெங்ஙனம்?

அந்த இரவு கழிந்தபின் ஐடா தம் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்தியப் பெண்களுக்கு ஊழியம் செய்யத் திரும்பி வருவதாகத் தெரிவித்தார். அவர் கூறியவாறே செய்தார். 1895-இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கலாசாலையில் சேர்ந்தார். 1898-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கலாசாலை தொடங்கிப் பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். ஆண்களுடன் சரிநிகராகப் பயின்று அங்குப் பட்டம் பெற்ற முதற் பெண்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

திரும்புமுன் வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றுக்குப் பொருள் திரட்டும் பணியும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரிடம் சென்று திண்டிவனத்து இரவின் வரலாற்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதனை அடுத்த அறையிலிருந்து செவியுற்ற ஷெல் என்னும் முதியவர், பாங்கித் தொழிலர், மறுநாள் அவரை அழைத்துப் பலவும் வினவி, இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் கொடுத்தார். அவர் கைச்சிக்கனத்துக்குப் பெயர் போனவராம்! மனைவியை இழந்த மூவரின் கதை, மனைவியை இழந்த நான்காமவர் ஒருவரின் உள்ளத்தை இளக்கிற்று என்று கொள்ளலாம்.

1900-ஆம் ஆண்டு பிறக்கும்போது ஐடா அம்மையார் தம் தோழியார் ஆனி ஹான்காக்குடன் வேலூரை அடைந்தார். தேர்ந்தவராகிய தந்தையின் அருகிலிருந்து சில ஆண்டு பழகிக்கொள்ளலாமென அவர் எண்ணியிருந்தார். மே மாதத்திலேயே தந்தையார் காலமானார். தனித்து நின்ற இளம்பெண்ணை நம்பி மக்கள் உடனே வந்துவிடவில்லை. எந்த வாயில்கள் தம் தந்தைக்குத் திறவாவென்று அவர் கண்டாரோ, அவ்வாயில்கள் பெண் என்பதனாலேயே தமக்குத் திறந்துவிடும் என அவர் நினைத்திருத்தல் கூடும். திறந்தன, ஆனால் மெல்லவே திறந்தன. வேறு வழியெல்லாம் தீர்ந்தபின், உயிர் ஊசலாடும் நிலையில்தான் முதலில் அவரை அழைத்தனர். அப்பொழுது எவர் வந்தாலும் காத்தல் அரிது. காவாவிடினோ பழி வந்தவர்மேல் விழும். நாளடைவில் நலம் பெற்று எழுந்தோர் வாய்மொழியே அவருக்குத் துணையாயிற்று. பங்களாவில் ஒரு சிற்றறையே முதல் மருத்துவ நிலையம். சாலோமி என்னும் இந்தியப் பெண்மணியே முதல் உதவியாளர். இரண்டாண்டுகளுக்குள் ஏறக்குறைய 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பெற்றது.

வைத்தியசாலை கட்டியதும் கடன் தீர்ந்ததென்று அவர் அமர்ந்துவிடவில்லை. வேலூருக்கு வர இயலாத பெண்கள் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் பலர் இருந்தனர். பிள்ளையை இடுப்பில் சுமந்த தாய் எத்தனை கல் தொலைவு நடப்பாள்? வயல் வேலையையும் வீட்டு அடுப்பையும் விட்டு வரவும் வேண்டுமே. ஆகவே அம்மையார் தாமே புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டியில் சென்றார். 1909-இல் அவருக்குச் சிறிய பெஜோ மோட்டார் ஒன்று கிடைத்தது. அதன் இரைச்சலைக் கேட்டு, பேய் வருகிறதெனச் சிற்றூர் மக்கள் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தனர் என்பர். குடியேற்றம் செல்லும் சாலையில் குறித்த நாளில், குறித்த மரநிழலில், மக்கள் கூடிக் காத்திருக்கும் வழக்கம் வந்தது. மருந்துப் பெட்டியை மரத்தடியில் இறக்கி, புண்ணைக் கழுவிக் கட்டி, கண் நோயாளருக்கு மருந்திட்டு, கருவுற்றவரைத் தனியே அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குச் செல்வார். பேற்று நாள் வந்தபின் அலறி ஓடுவதை விட்டு, அதற்கு முன்னரே, துன்பம் வரக்கூடியவர் யாவரென அறிந்துகொள்ள இஃது ஏற்ற வழியன்றோ? நோயாளி மருத்துவரை நாடுதலே முறை என்றிருந்த காலத்தில் மருத்துவர் நோயாளியை நாடிச் சென்ற இச்சாலையோர மருத்துவமே, அம்மையாரின் செயல்கள் யாவற்றினும் நம் உள்ளத்தை மிகுதியும் கவர்ந்தது எனலாம். கட்டடங்களின் புகழ் அதற்குப் பிற்பட்டதே.

ஆனால் ஒருத்தி எத்தனை வாயில்களுக்குச் செல்ல முடியும்? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர் வந்தனர். பெண் மருத்துவர் ஒருவர் அன்று அங்கிருந்திருப்பினும் மூன்று வீடுகளுக்கும் ஒருங்கே அவர் சென்றிருத்தல் இயலாது. இக்கணக்கை அம்மையார் விரைவிலே உணர்ந்தார். 1909-இல் வேலூரில் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று இச்செய்தி எளிதாகத் தோன்றும். அந்நாளில் பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டைத் தொடுதலும், பிறர் உதிரத்தையும் அழுக்கையும் கழுவுதலும் இழிந்த வேலையாகக் கருதப்பட்டன. மானமுள்ள குடும்பத்தார் தம் பெண்களை அதற்கு அனுப்பத் துணியார். முதலில் துணிந்தவர் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே. பேறு முடிந்து தாயும் சேயும் தளர்ந்து கிடக்கும் வேளையில் மருத்துவர் சென்றுவிடுவார். உடனிருந்து நீர் பருகுவித்து, பால் கொடுக்கும் முறை கற்பித்து, காய்ச்சல் காணின் உடனே அறிவிப்பவள் நர்ஸே. அம்மாணவியர் பெயர்கள் நூல்களில் இடம்பெறாமற் போயினும் அவர்களுடைய துணிவு ஐடா அம்மையாரின் துணிவுக்கு இளைத்ததன்று என்பது நம் கருத்து.

அடுத்து அவர் எண்ணியது பெண்களுக்கென மருத்துவப் பள்ளி. இதற்குப் போதிய மாணவியர் கிடைப்பரோ எனச் சர்க்கார் மருத்துவ அதிகாரிகளே ஐயுற்றனர். இந்தியப் பெண்கள் மருத்துவம் பயில முன்வரார் என்பதே பலர் எண்ணம். உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம். பொருளும் இல்லை, கட்டடமும் இல்லை, கருவிகளும் நூல்களும் மிகச் சிலவே. அவ்வாறிருந்தும் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் மாகாண கவர்னர் பென்ட்லண்டு பிரபு அப்பள்ளியைத் திறந்து வைத்தார். எதிர்பார்த்ததற்கு மிஞ்சி விண்ணப்பங்கள் வந்தன. இடமின்மையாற் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. எல்.எம்.பி. என்னும் தகுதிக்குரிய பரீட்சையில் தேறி, 1922-இல் முதல் அணியினராகப் பதினால்வர் வெளிவந்தனர். அயல் நாட்டிலிருந்து கப்பலேறி வரவேண்டிய உதவி, நம் நாட்டுப் பெண்களின் கையாலே, நம் மொழியிலே பேற்றறைக்குள் நுழையும் காலம் பிறந்தது. வேதனையில் கிடக்கும் பெண்ணுக்கு அவள் தாய்மொழியில் சொல்லும் ஒரு சொல் எத்துணை ஆறுதல் தருமென்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பின்னர் வைத்தியசாலை தோட்டப்பாளையத்திலும், கலாசாலை பாகாயத்திலும் விரிவடைந்த வரலாற்றை ஈண்டு விரிப்பின் பெருகும். இடர் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். 1938-இல் சென்னைச் சர்க்கார், இனி மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத்துக்கு உரியதாகவே இருத்தல் வேண்டுமென விதித்தனர். அதற்கு வேண்டிய ஆசிரியரும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் வேலூரில் இல்லை. புதிய மாணவியரைச் சேர்த்தல் நின்றது. எழுபது வயதில் அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக அலைந்து பொருள் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பல மிஷன்களும் சேர்ந்து நடத்தினாலன்றி அக்கலாசாலை நிலைபெறாது என்பதும், அதற்கு ஆண்களையும் சேர்க்க வேண்டுமென்பதும் புலனாயின. பெண்களுக்கெனப் பெண்கள் கொடுத்த பொருளில் எழுந்த கலாசாலையில் ஆண்களா என்று அமெரிக்காவிலுள்ள பழைய ஆதரவாளருட் சிலர் மனம் கசந்தனர். அவர்கள் கசப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கலாசாலையே மூடப்படின் பயன் பெறுவார் யார்? அம்மையார் இணைப்பையே ஆதரித்தார். 1947-இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர்.

அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. எண்ணற்ற மகவுகளைத் தம் கையில் முதலில் ஏந்திய அவர் தமக்கென ஒரு மகவை ஏந்தியதில்லை. மாணவியரும் உடன் ஊழியரும் அவரை ஐடா அத்தை என்றே அழைத்து வந்தனர். ஆங்கில வழக்கில் அச்சொல் எத்தகைய பொருள் தருமோ அறியோம். நம் வீடுகளில் தொட்டில் ஆட்டிப் பெயரிட்டுப் பாராட்டும் உரிமை அத்தைக்கு உண்டு. முதுமையிலும் டென்னிஸ் ஆட்டத்தில் இளையோரைத் தோற்கடிப்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி என்பர். மலர்களிடத்துப் பேரன்பினர். முன்கோபமும் பிடிவாதமும் உடையவர் என்பதையும் உடன் பணி செய்தோர் மறைத்ததில்லை. பிடிவாதம் இல்லாதவர் இத்தனையும் செய்திருத்தல் அரிது.

1946-இல் அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டில் நர்ஸுத் தொழிலுக்குப் பட்ட வகுப்பும் வேலூரில் தொடங்கியது. இந்தியாவில் இவ்வகையில் முதன்முதல் தோன்றியவற்றுள் அஃது ஒன்று. நாடு விடுதலை அடைந்த காலத்தில் அக்கலாசாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் ஹில்டா லாஸரஸ் அம்மையார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். விசாகப்பட்டணத்திற் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற அவர் சிறந்து விளங்கியதும் பிரசவ மருத்துவத்திலேயே.

ஓய்வுக் காலத்தை ஐடா அம்மையார் பெரும்பாலும் கொடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் கழித்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார். மருத்துவக் கலாசாலையின் நூற்றாண்டு நினைவாக 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் இந்தியத் தபால் இலாகா தபால்தலை ஒன்று வெளியிட்டது. அந்நூறாண்டு 1900-இலிருந்து எண்ணப்படுவது. பட்டங்களும் பெருங்கட்டடங்களும் தோன்றுமுன், ஓர் இளம்பெண் பங்களாவின் சிற்றறை ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, பேறுகால உதவி நாடி யாரேனும் வருவரோ எனக் காத்திருந்த ஆண்டு அது.